கணக்கைக் காட்டு! அமெரிக்க லோரிக்காரர்களின் கூலிப் போராட்டம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உழைப்பும் கூலியும்' என்ற தலைப்பில் எனக்கு முன்பு பேசிய நண்பர்கள் இருவரும் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் பற்றிச் சொன்னார்கள். நான் உங்களைக் கொஞ்சம் தொலைவுக்கு, அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். அங்கே சொந்த லோரி வைத்திருப்பவர்களுக்கும், அந்த லோரிகளைக் குத்தகைக்கு எடுத்து ஓடவிடும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு கூலித் தகராறு நடந்து வருகிறது. அமெரிக்க லோரிக்காரன் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

என் தாய்மாமன் ஒருவர் ஈப்போவிலிருந்து கிள்ளான் துறைமுகத்திற்கு லோரி ஓட்டியவர். கெலிண்டானாகச் சேர்ந்து ஓட்டுநராக உயர்ந்தவர். மாதக் கடைசியில் அவர் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை, நடுவில் பக்கம் முழுக்கப் பிடித்தம். டயர், அபராதம், முன்பணம், இன்னும் என்னென்னவோ. "சம்பளம் குறைவாக இருப்பது பெரிதில்லையப்பா, எப்படிக் குறைந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை" என்பார். அமெரிக்க லோரிக்காரர்களின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மாமாவின் அந்தச் சீட்டுத்தான் நினைவுக்கு வந்தது. அவர்களும் 'கூலியைக் கூட்டு' என்று கேட்டதைவிட 'கணக்கைக் காட்டு' என்று கேட்டதுதான் அதிகம்.

முதலில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இங்கே குத்தகை என்றதும் நிறுவனம் லோரியை ஓட்டுநருக்குக் கொடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இது தலைகீழ். லோரி ஓட்டுநருடையது. கடன் அவருடையது, டீசல் அவருடையது, பழுதும் அவருடையது. அவர் தன் லோரியையும் தன்னையும் சேர்த்து ஒரு நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விடுகிறார். லோரியின் கதவில் நிறுவனத்தின் பெயர் ஒட்டப்படுகிறது. சரக்கைப் பிடிப்பது, வாடிக்கையாளரிடம் பணம் வசூலிப்பது எல்லாம் நிறுவனம். வந்த பணத்தில் ஒரு பங்கு ஓட்டுநருக்கு. தாள்களில் அவர் ஒரு சிறுவணிகர், தனக்குத் தானே முதலாளி. ஆனால் எந்தச் சரக்கு, எவ்வளவு வாடகை என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை.

சொந்த லோரி வைத்திருப்பவர் ஏன் இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும்? பதில் 1935-ஆம் ஆண்டில் இருக்கிறது. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களில் பலர் கையில் கிடைத்த லோரியைக் கொண்டு குறைந்த வாடகைக்குச் சரக்கு ஏற்றினார்கள். ரயில் நிறுவனங்களும் பெரிய லோரி நிறுவனங்களும் கூச்சலிட்டன. அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் 1935-இல் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. ரயில்வேக்களைக் கட்டுப்படுத்துவதற்காக 1887-இல் தொடங்கப்பட்ட மாநிலங்களுக்கிடை வாணிப ஆணையத்திடமே லோரித் தொழிலும் ஒப்படைக்கப்பட்டது. அன்றிலிருந்து மாநில எல்லை தாண்டிப் பொதுச் சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்குப் பழைய உரிமையின் பேரில் அது கிடைத்தது. புதிதாக வந்தவர் தன் சேவை பொதுமக்களுக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டும்; பழைய நிறுவனங்கள் எதிர்த்து வாதாடலாம். எந்த வழியில் போவது, எந்தச் சரக்கை ஏற்றுவது என்பதுகூடப் பெர்மிட்டில் எழுதியிருக்கும். நாளடைவில் அந்தத் தாளே விலைபோகும் சொத்தாகிவிட்டது.

பண்ணைகளிலிருந்து வரும் காய்கறி, பழம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே ஒருவர் கலிபோர்னியாவிலிருந்து பழம் ஏற்றிக்கொண்டு நாட்டின் கிழக்குக் கரைக்குப் போகலாம், சட்டம் தடுக்காது. திரும்பும்போது ஒரு பெட்டி சோப்பு ஏற்றினால் குற்றம். ஐயாயிரம் கிலோமீட்டர் வெறும் லோரியை ஓட்டிக்கொண்டு வர முடியுமா? பெர்மிட் வைத்திருக்கும் நிறுவனத்திடம் லோரியைக் குத்தகைக்கு விட்டு, அதன் பெயரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெர்மிட் ஒருவர் கையில், லோரி இன்னொருவர் கையில் என்ற ஏற்பாடு நம் ஊருக்கும் புதிதல்ல. மேலே சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குத்தகைகளை ஒழுங்குபடுத்த ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஆணையத்தின் அன்றைய கவலை சாலைப் பாதுகாப்பும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதும்தான். ஓட்டுநருக்கு ஒழுங்காகப் பணம் போய்ச் சேர்கிறதா என்று கவலைப்பட யாரும் இல்லை.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணம் விழுக்காட்டுக் கணக்குத்தான். வாடகையில் கால்பங்கோ அதற்குச் சற்று மேலோ நிறுவனத்திற்கு, மிச்சம் லோரிக்காரருக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் கொடுத்தது 1,000 டாலர். லோரிக்காரருக்கு 75 விழுக்காடு என்றால் 750 வர வேண்டும். நிறுவனம் "வாடகை 800 தான் கிடைத்தது" என்று சொன்னால் அவருக்கு 600. அந்த 150 டாலர் எங்கே போனது? வாடகைச் சீட்டு நிறுவனத்தின் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. சந்தேகம் வந்தாலும் நிரூபிக்க வழியில்லை. கேள்வி கேட்டவருக்கு அடுத்த வாரம் நல்ல சரக்கு கிடைக்காது.

1967 ஆகஸ்டில் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் எஃகு ஏற்றும் லோரிக்காரர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அது பிட்ஸ்பர்க், ஒஹாயோ என்று எஃகாலைகள் இருந்த பகுதியெங்கும் பரவியது. வாடகையில் கூடுதல் பங்கும், ஆலை வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்துக்குக் கூலியும் கேட்டார்கள். ஏற்றும் சரக்குக்குத்தான் காசு, மணிக்கணக்கில் காத்திருப்பதற்கு ஒரு காசும் இல்லை என்பதுதான் அவர்கள் பெரிய குறை. வேடிக்கை என்னவென்றால் இவர்கள் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள். ஆனால் சங்கம் சம்பள ஓட்டுநர்களுக்காகப் பேசிய அளவு தங்களுக்காகப் பேசவில்லை என்று சங்கத்தின் மீதே கோபம். முதலாளியை எதிர்த்தும் சங்கத்தை எதிர்த்தும் ஒரே நேரத்தில் நடந்த வேலைநிறுத்தம் அது. கல்லெறி, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தன. அதிலிருந்து எஃகு லோரிக்காரர்கள் தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

நாடே திரும்பிப் பார்த்தது 1973 டிசம்பரில். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் டீசல் விலை ஏறியது. பல இடங்களில் கிடைக்கவும் இல்லை. டிசம்பர் 3-ஆம் தேதி பென்சில்வேனியாவின் பிளேக்ஸ்லீ என்ற ஊர் அருகே, 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒருவரின் லோரி எண்ணெய் தீர்ந்து நின்றது. வானொலியில் 'ஆற்றெலி' என்ற புனைபெயரில் பேசுபவர் அவர். வண்டியில் இருந்த சி.பி. ரேடியோவில் தன் ஆத்திரத்தைக் கொட்டினார். கேட்டவர்கள் ஒவ்வொருவராக வண்டியை நிறுத்தினார்கள். சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான லோரிகள் சாலையை அடைத்து நின்றன. அடுத்த நாட்களில் மற்ற மாநிலங்களிலும் அதே காட்சி. தலைவர் இல்லை, சங்கம் இல்லை, சந்தா இல்லை. கைத்தொலைபேசி இல்லாத காலத்தில் ஒரு ரேடியோப் பெட்டி அந்த வேலையைச் செய்தது.

1974 ஜனவரி இறுதியில் இன்னொரு பெரிய நிறுத்தம். பிப்ரவரியில் பத்து நாட்களுக்கு மேல் நீடித்தது. பென்சில்வேனியா ஆளுநர் மில்டன் ஷாப் சமரசத்திற்கு முன்நின்றார். பல மாநிலங்களில் தேசியக் காவல்படை சாலைக்கு வந்தது. கடைசியில் வாடகையில் 6 விழுக்காடு எண்ணெய்க் கூடுதல் கட்டணம் விதிக்க ஆணையம் அனுமதித்தது. எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர் யாரோ அவர் கைக்கு அது போக வேண்டும் என்பது ஏற்பாடு.

போக வேண்டும் என்பது சரி, போனதா என்று யார் பார்ப்பது? வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணம் நிறுவனத்தின் கையில்தானே முதலில் விழுகிறது? இந்த இடத்தில்தான் போராட்டம் விலையை விட்டுக் கணக்குக்குத் திரும்புகிறது என்று நான் நினைக்கிறேன். அந்த 1973-இன் குழப்பத்தில்தான் மிசௌரி மாநிலத்தில் சொந்த லோரி ஓட்டுநர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. லோரி நிறுத்துமிடம் ஒன்றில் ஒரு டிரெய்லர்தான் அதன் முதல் அலுவலகம். பிற்காலத்தில் நீதிமன்ற வாசல்களில் அதிகம் கேட்கப்பட்ட பெயர் இந்தச் சங்கத்தினுடையதுதான்.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் லோரிக்காரர்களை அழைத்து விசாரித்தன. பிடித்து வைத்த வைப்புத் தொகை திரும்பவில்லை, பணம் மாதக்கணக்கில் தாமதம், நிறுவனத்தின் கடையிலேயே டயர் வாங்கு என்று கட்டாயம் என்று ஒவ்வொருவரும் தம் சீட்டைக் காட்டினார்கள். அதன் பிறகு 1979-இல் ஆணையம் 'குத்தகையில் உண்மை' என்று இன்று அழைக்கப்படும் விதிகளைக் கொண்டுவந்தது.

இந்த விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் படித்தாலே பழைய ஏமாற்றுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். சரக்கைச் சேர்த்ததற்கான தாள்களை ஓட்டுநர் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. அதற்கு முன்பு எவ்வளவு இழுத்தடித்திருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். விழுக்காட்டு முறையில் கூலி என்றால் வாடகைச் சீட்டின் நகலை ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டும். எந்தெந்தப் பிடித்தம் உண்டு, அது எப்படிக் கணக்கிடப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஓட்டுநர் கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். நிறுவனத்திடமிருந்து எந்தப் பொருளையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வைப்புத் தொகை பிடித்தால் அதற்கு வட்டி கொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் 13 வாரக் கடன் பத்திரத்துக்குக் கிடைக்கும் வட்டிக்குக் குறையக் கூடாது. ஒப்பந்தம் முடிந்த 45 நாட்களுக்குள் அந்தத் தொகைக்குக் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும்.

கவனித்தீர்களா? கூலி எவ்வளவு என்று இந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. ஐந்து காசு கொடுத்தாலும் கொடு, ஆனால் எப்படி ஐந்து என்று சொல். அவ்வளவுதான். நம் முன்னோர் தோட்டத்துக்கு வந்த காலத்தில் கங்காணி கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்களே, எவ்வளவு அடைந்தது, எவ்வளவு மிச்சம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி அறிந்திருப்பார்? அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் 1979-இன் விதி சின்ன விஷயமல்ல.

அடுத்த ஆண்டே தரை நழுவியது. 1980 ஜூலை 1-ஆம் தேதி அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் பெர்மிட் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இனி யாரும் எளிதாகச் சொந்தப் பெர்மிட் எடுக்கலாம். சுதந்திரம் வந்தது என்று லோரிக்காரர்களில் சிலர் மகிழ்ந்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான புதிய நிறுவனங்கள் வந்து போட்டி போட, வாடகை சரிந்தது. சொந்தப் பெர்மிட் எடுத்தால் காப்புறுதியைத் தாமே கட்ட வேண்டும், வாடிக்கையாளரைத் தாமே தேட வேண்டும். ஆகவே ஏராளமானோர் குத்தகையிலேயே தொடர்ந்தார்கள். நிறுவனங்களில் பலவும் மைல் கணக்கில் இவ்வளவு என்று பணம் கொடுக்கத் தொடங்கின. மைல் கணக்கு என்றால் விழுக்காடு இல்லை. விழுக்காடு இல்லையென்றால் வாடகைச் சீட்டின் நகலைக் கொடுக்கும் கட்டாயமும் இல்லை. விதியை மீறாமலே விதிக்கு வெளியே போய்விட்டார்கள். சாமர்த்தியம்தான்!

இன்னொரு ஏற்பாடும் பெருகியது. கையில் காசில்லாத ஓட்டுநருக்கு நிறுவனமே, அல்லது அதன் துணை நிறுவனமே, லோரியைத் தவணையில் கொடுக்கும். அந்த லோரியை அவர் அதே நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவார். தவணை வாரா வாரம் கூலியிலிருந்து பிடிக்கப்படும். கடன் கொடுத்தவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே. சரக்குக் கொடுக்காமல் விட்டால் தவணை தவறும். தவணை தவறினால் லோரி பறிபோகும். அதுவரை கட்டியதும் போகும். அதே லோரி அடுத்த 'முதலாளி'க்குக் கொடுக்கப்படும்.

ஒஹாயோ மாநிலத்தின் ஆர்க்டிக் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பராமரிப்பு நிதி என்று மைலுக்கு 9 காசு பிடித்தார்கள். மைலுக்கு 9 காசு என்றால் ஒரு லட்சம் மைலுக்கு 9,000 டாலர். தவணை முடியுமுன் வெளியேறியவர்களுக்கு அந்த நிதியில் மிச்சமிருந்த பணம் திரும்பவில்லை. சங்கம் 1997-இல் வழக்குப் போட்டது. அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விதிகளைக் கொண்டுவந்த ஆணையமே 1995 இறுதியில் கலைக்கப்பட்டுவிட்டது. விதிகள் பிழைத்தன, அவற்றை அமல்படுத்திய காவல்காரன் போய்விட்டான். அதற்குப் பதிலாகப் பாதிக்கப்பட்டவரே நேராக நீதிமன்றம் போகலாம் என்று சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். அந்த வழி உண்மையில் திறக்குமா என்பதுதான் ஆர்க்டிக் வழக்கில் கேள்வி. திறக்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் நிறுவனம் திவாலானது. ஓட்டுநர்களின் பணம் எங்கே என்று தேடிப் போனால், அது நிறுவனத்தின் பொதுக் கணக்கில் கலந்து, கடன் கொடுத்த வங்கிக்குப் போய்விட்டிருந்தது. சங்கம் விடவில்லை, வங்கி மீதே வழக்குப் போட்டது. பிடித்து வைத்த தொகை நிறுவனத்தின் சொத்தல்ல, ஓட்டுநர்களுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருந்த பணம் என்று நீதிமன்றம் ஏற்றது. 2011-இல் சுமார் 55 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்ற தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நின்றது. மைலுக்கு 9 காசு வாங்கிக்கொடுக்கப் பதினான்கு ஆண்டுகள்!

எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. லேண்ட்ஸ்டார் என்ற பெரிய நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2010-இல் அட்லாண்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். பிடித்தத்தில் நிறுவனம் இலாபம் வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை; ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று சரிபார்க்க ஓட்டுநருக்கு ஆவணம் காட்ட வேண்டும். சரி, காட்டாததால் ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு? உண்மையில் எவ்வளவு நட்டம் என்று ஓட்டுநர்கள் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கணக்கைக் காட்டாதவர் மீது வழக்கு. அந்த வழக்கில் ஜெயிக்க முதலில் கணக்கைக் காட்டு என்று வாதியிடம் கேட்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் இதற்கு நியாயம் சொல்வார்கள். எனக்கு என் மாமாவின் முகம்தான் தெரிகிறது.

இதற்கிடையில் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியைச் சேர்த்தன. தகராறு வந்தால் நீதிமன்றம் போகக் கூடாது, தனித்தனியாக மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு வழக்குப் போட்டால் ஒரு நல்ல வழக்கறிஞர் கிடைப்பார். ஒருவர் தனியாகத் தன் ஐந்நூறு டாலருக்காகப் போனால் யார் வருவார்? இந்த வரி செல்லுமா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை போனது. 'நியூ பிரைம் எதிர் ஒலிவேரா' என்பது அந்த வழக்கின் பெயர். வழக்குத் தொடுத்த ஓட்டுநர் ஒப்பந்தக்காரராகச் சேர்க்கப்பட்டவர். லோரி, எண்ணெய், கருவிகள் என்று பிடித்ததில் சில வாரங்களில் தனக்குக் கூலியே மிஞ்சவில்லை, கணக்கில் கழித்தல் குறிதான் இருந்தது என்பது அவர் குற்றச்சாட்டு. தன்னை ஊழியராகக் கருதிக் குறைந்தபட்சச் சம்பளம் தர வேண்டும் என்று கேட்டார்.

அந்த வழக்கு திரும்பியது ஒரு சொல்லின் மீது. மத்தியஸ்தச் சட்டம் 1925-இல் வந்தது. மாலுமிகள், ரயில் ஊழியர்கள், மாநிலங்களுக்கிடையே போக்குவரத்தில் ஈடுபட்ட தொழிலாளர்கள் ஆகியோரின் 'வேலை ஒப்பந்தங்களுக்கு' அது பொருந்தாது என்று அதிலேயே ஒரு விலக்கு உண்டு. ஒலிவேரா ஊழியரல்ல, தனி ஒப்பந்தக்காரர், ஆகவே அவருடையது வேலை ஒப்பந்தமே அல்ல என்றது நிறுவனம். நீதிபதிகள் பழைய அகராதிகளைப் புரட்டினார்கள். 1925-இல் அந்தச் சொல்லுக்கு வேலை செய்து கொடுப்பதற்கான எந்த உடன்படிக்கையும் என்றுதான் பொருள்; சம்பளக்காரர் வேறு, ஒப்பந்தக்காரர் வேறு என்ற பிரிவினை அந்தச் சொல்லில் அன்று இல்லை. 2019 ஜனவரி 15-ஆம் தேதி நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பை, வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும் ஏற்றார்கள். அவர் பழமையில் நிற்பவர் என்று பெயர் பெற்றவர். அந்தப் பழமையே இங்கே லோரிக்காரருக்கு உதவியது. ஒரு சொல்லுக்கு அது பிறந்த காலத்துப் பொருளைத் தேடுவது நம் உரையாசிரியர்களுக்குப் பழகிய வேலை. அதில் ஒருவரின் கூலி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

அதே 2019-இல் ஸ்விஃப்ட் என்ற மாபெரும் நிறுவனம், பத்தாண்டுகளாக நடந்த கூட்டு வழக்கு ஒன்றை 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஏறத்தாழ 20,000 ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. தலைக்குக் கணக்குப் போட்டால் சராசரி 5,000 டாலர், அதிலும் வழக்கறிஞர் செலவு போக வேண்டும்.

துறைமுகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கிள்ளான் நேயர்களுக்கு இது நன்றாகப் புரியும். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் கொள்கலன் இழுக்கும் ஓட்டுநர்கள் ஒரு காலத்தில் சங்கத்தில் இருந்த சம்பளக்காரர்கள். 1980-க்குப் பிறகு அவர்கள் சொந்த லோரிக்காரர்களாக மாறினார்கள், அல்லது மாற்றப்பட்டார்கள். 2008-இல் காற்று மாசைக் குறைக்கப் பழைய லோரிகளுக்குத் துறைமுகங்கள் தடை விதித்தன. நல்ல நோக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் புதிய லோரியின் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். அந்தச் சுமை யார் தலையில் விழும்? நிறுவனங்கள் லோரிகளை வாங்கி ஓட்டுநர்களுக்குத் தவணையில் கொடுத்து, கூலியில் பிடித்தன. 2017-இல் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் இதை விசாரித்து எழுதியது. பிடித்தம் எல்லாம் போக ஒரு வாரத்துக்கு 67 காசு வாங்கிய ஓட்டுநர் ஒருவரின் சீட்டு அதில் வந்தது. 67 டாலர் அல்ல, 67 காசு.

அரங்கிலிருந்து ஓர் அன்பர் கேட்கிறார்: "இவ்வளவு கஷ்டம் என்றால் பேசாமல் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடலாமே, ஐயா?"

நல்ல கேள்வி. நானும் இதைப் படிக்கத் தொடங்கியபோது அப்படித்தான் நினைத்தேன். கலிபோர்னியா மாநிலம் அதைத்தான் செய்யப் பார்த்தது. அங்கே 2019-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, நிறுவனத்தின் வழக்கமான தொழிலையே செய்பவர் பெரும்பாலும் ஊழியர்தான், ஒப்பந்தக்காரர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. லோரித் தொழிலுக்கு அது நீதிமன்றத் தடையால் சில ஆண்டுகள் நின்றிருந்தது. 2022 ஜூனில் உச்சநீதிமன்றம் தலையிட மறுத்ததும் தடை போயிற்று. அடுத்த மாதம் ஓக்லாந்து துறைமுக வாயில்களை லோரிகள் அடைத்தன. அடைத்தவர்கள் நிறுவன முதலாளிகள் அல்ல, சொந்த லோரிக்காரர்கள்! "எங்களை ஊழியராக்காதே" என்று நின்றார்கள். கலிபோர்னியாவில் லோரி ஓட்டுபவர்களில் பஞ்சாபி சீக்கியர்கள் கணிசமானவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கி, இரவு பகல் ஓட்டி, ஒரு லோரியை இரண்டாக்கியவர்கள் அவர்களில் உண்டு. 'சொந்தம்' என்ற சொல்லை அவர்கள் எளிதில் விட்டுக்கொடுப்பார்களா?

இதை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். லோரி தன் பெயரில் இருப்பவரும், நிறுவனத்தின் தவணையில் லோரி எடுத்தவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள்; நிலை ஒன்றல்ல. முன்னவர் நாளைக்கு வேறு நிறுவனத்தின் பெயரைக் கதவில் ஒட்டிக்கொண்டு போய்விட முடியும். பின்னவர் போனால் லோரி இங்கேயே நின்றுவிடும். ஒரே சட்டத்தால் இருவரையும் அடித்தால் யாராவது ஒருவர் அலறத்தான் செய்வார். சங்கமும் உறுப்பினர்களை ஊழியராக்கு என்று கேட்டதில்லை. விதியை அமல்படுத்து என்றுதான் கேட்டு வந்திருக்கிறது.

2008-இல் டீசல் விலை ஒரு காலனுக்கு 4 டாலர் 70 காசைத் தாண்டியபோது எண்ணெய்க் கூடுதல் கட்டணத்தை அப்படியே ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 1974-இன் அதே கோரிக்கை, முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து. அது சட்டமாகவில்லை. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி குத்தகை விதிகளை ஆராய ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. நிறுவனங்களின் தவணை லோரித் திட்டங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று அது 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. தவணையிலிருந்து விடுபட்டுச் சொந்த லோரியோடு வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே என்பது அந்தக் குழு கேட்ட சாட்சியங்களின் சாரம்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். அந்த அன்பரின் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன் என்று தெரியும். மீதியை அடுத்து பேசப் போகும் தொழிற்சங்க நண்பரிடம் கேளுங்கள். அவர் என்னோடு ஒத்துப்போகமாட்டார்.